கச்சான் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் வீடு

எங்கள் அத்தை வீடு கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சலில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கட்டி முடித்துப் பதினொரு வருடத்தில் சமையலறை மேல்தளத்திலிருந்து ஒரு பாளம் கான்கிரீட் பெயர்ந்து அடுப்புத் திண்டில் விழுந்தது. அத்தை அப்போது கொல்லைப்புறத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்ததால் தப்பித்தார். நான் ஏணி போட்டு ஏறிப் பெயர்ந்த இடத்தைப் பார்த்தேன். உள்ளே இருந்த கம்பியை விரலால் தட்டினால் மரப்பட்டை போல அடுக்கடுக்காக உரிந்து வந்தது. கம்பிக்குக் கீழே இருந்த கான்கிரீட்டின் கனம் என் சுண்டுவிரல் நகத்தளவுதான்.

அதற்கு அடுத்த வருடம்தான் நாங்கள் வீடு கட்டத் தொடங்கினோம். இடம் குறும்பனைப் பக்கம், அப்பாவுக்குப் பங்கு பிரித்துக் கிடைத்த 34 சென்ட். அகலம் குறைவு, நீளம் அதிகம். மேட்டிலிருந்து கடலைப் பார்த்துச் சரிந்து இறங்கும் நிலம். கீழே கருங்கல் பாறை, அதன்மேல் செம்பாறை, அதன்மேல் ஒரு சாண் மண். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், கடலிலிருந்து வீசும் கச்சான் காற்று தென்னை ஓலையை ஒரே பக்கமாக வாரி வைத்துவிடும். அலை பாறையில் அடித்துத் தெறிக்கிற நீர்ப்புகை மேடு வரைக்கும் ஏறி வரும். நாக்கால் உதட்டைத் தொட்டால் உப்புக் கரிக்கும்.

கணவர் மஸ்கட்டில் இருந்தார். வேலையைக் கூட நின்று பார்த்தது நானும் அப்பாவும்தான். திருவனந்தபுரத்தில் ஒரு கட்டட வடிவமைப்பாளரைப் பிடித்தோம். அவர் முதலில் போட்டுத் தந்த வரைபடம் மிக அழகாக இருந்தது: தட்டையான கூரை, வெள்ளைச் சுவர், கடலைப் பார்த்து 18 அடி அகலத்துக்கு முழுக் கண்ணாடி. நான் மயங்கித்தான் போனேன். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மக்கா, ஆடி மாசம் இந்தப் பக்கம் நம்ம ஊர்ல எவனாவது ஒரு ஜன்னலத் திறந்து வச்சுப் பாத்திருக்கியா?”

“கடல் தெரியணும்லா அப்பா.”

“கடலப் பாக்கணும்னா வெளிய வந்து பாரு.”

அந்த வரைபடத்தை நாங்கள் தூக்கிப்போடவில்லை. அப்பா கேட்ட கேள்வியோடு அதை அப்படியே வடிவமைப்பாளரிடம் திருப்பிக் கொண்டுபோனோம். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. ஜூலை மாதம் இரண்டு நாள் வந்து தங்கி, நிலத்தில் குடை பிடிக்க முடியாமல் நனைந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் போட்டதுதான் இன்று நாங்கள் இருக்கும் வீடு. கடலோரத்தில் வீடு கட்ட நினைப்பவர்களுக்கு முதலில் நான் சொல்வது இதுதான்: இடத்தை ஜனவரியில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஜனவரியில் இந்தக் கடல் குளம் மாதிரி கிடக்கும். வரைகிறவரை ஆனி, ஆடியில் கூட்டி வந்து நிறுத்துங்கள்.

அடுத்தது, எங்கே கட்டலாம் என்பது. இதை நம் விருப்பத்துக்கு முன்னால் சட்டம் தீர்மானிக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது சி.ஆர்.இசட். விதிகள். 2011 அறிவிக்கையின்படி ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏறி வரும் உச்ச எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாத பகுதி. 2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் மாநிலத்தின் கடலோர வரைபடம் புதிய விதிப்படி ஒப்புதல் பெற்ற பிறகுதான் அந்தச் சலுகை நடைமுறைக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருக்கிறாரே என்று நாமும் கட்டக் கூடாது. உயர் அலைக் கோட்டைக் குறித்துத் தர அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அதில் ஒன்று. கொச்சி மரடில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரியில் அடுக்குமாடிகளை வெடி வைத்துத் தகர்த்ததை எல்லாரும் டிவியில் பார்த்தோம். அவையும் சி.ஆர்.இசட். விதியை மீறிய கட்டடங்கள்தான்.

எங்கள் நிலத்தில் கடல் பக்கத்து ஓரம் கோட்டிலிருந்து ஏறக்குறைய 150 மீட்டர், பின் ஓரம் 240 மீட்டர். ஆகவே பின்பக்கத்து 15 சென்ட்டில்தான் வீடு. ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றியது. இப்போது அந்த முன்பக்கத்து நிலம்தான் வீட்டைக் காக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரி, அஸ்திவாரம். செம்பாறை மேலே கெட்டியாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. காற்றுப்பட்ட மேற்பரப்பு இறுகிக் கல்லாகிவிடும். அடியில் வெளுத்த களிமண் போல மென்மையாக இருக்கும், தண்ணீர் இறங்கினால் குழையும். வர்க்கலைக் குன்று இடிந்து இடிந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கே மேலிருந்து இறங்கும் மழைநீர் குன்றின் இடையில் ஊற்றாகக் கசிகிறது, அடிவாரத்தை அலை அரிக்கிறது. நாங்கள் நான்கு இடத்தில் சோதனைக் குழி தோண்டினோம். மூன்றில் நாலு அடிக்குள் கெட்டிப் பாறை. ஒன்றில் ஏழு அடி வரை வெறும் நிரப்பு மண், உடைந்த ஓடு, சிப்பி. யாரோ எப்போதோ குழியை மூடியிருக்கிறார்கள். பாதி வீடு பாறையிலும் பாதி வீடு நிரப்பு மண்ணிலும் உட்கார்ந்தால் ஒரு பக்கம் மட்டும் இறங்கிச் சுவர் விரியும். வீட்டை எட்டு அடி கிழக்கே தள்ளினோம். குழி தோண்டிய கூலி ஒரு நாள் செலவு.

கூரைத் தண்ணீரும் கழிவுநீரும் சரிவைப் பார்த்துப் போகக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி எல்லாம் வீட்டுக்குப் பின்னால், தெருப்பக்கம். பைப் நீளம் கூடியது, பரவாயில்லை.

இனி கான்கிரீட். இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மை அதன் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். கடல் காற்றில் வரும் குளோரைடு, நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே ஊறிப் போய் அந்தப் படலத்தை உடைக்கிறது. துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த வீக்கம்தான் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. அப்படியானால் நம் கையில் இருப்பது இரண்டே வழி: உப்பு கடக்க வேண்டிய தூரத்தைக் கூட்டுவது, கடக்கும் பாதையை அடைப்பது. தூரம் என்பது கம்பிக்கு வெளியே இருக்கும் கவர். பாதையை அடைப்பது என்பது தண்ணீர் குறைத்து, நன்றாக இறுக்கி, நன்றாக நனைத்து ஆற்றிய அடர்த்தியான கான்கிரீட்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 இதற்குத் தெளிவாக அளவு சொல்கிறது. கடலோரச் சூழலைக் ‘கடுமை’ என்று வகைப்படுத்தி எம் 30 கான்கிரீட் (எண் கூடினால் வலிமை கூடும்), 45 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. கடல்நீர்த் துமி நேராகப் படும் பரப்பு ‘மிகக் கடுமை’. அதற்கு எம் 35, 50 மில்லிமீட்டர். இரண்டுக்கும் தண்ணீர், சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக் கூடாது. நம் ஊரில் வீட்டுக்கு வழக்கமாகப் போடுவது எம் 20, கவர் 20 அல்லது 25. கடலிலிருந்து பத்து கிலோமீட்டர் உள்ளே கட்டுகிற அதே கணக்கில் கரையிலும் கட்டுகிறோம். அத்தை வீட்டுக்கு நடந்தது அதுதான். எங்கள் வீட்டில் வெளிப்பக்கம் முழுக்க எம் 35, 50 மில்லிமீட்டர் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார்.

எழுதிக் கொடுத்தது நிலத்தில் நடக்க வேண்டுமே. முதல் தூண்கள் நிறுத்திய அன்று டேப்போடு போனேன். கம்பிக்கூட்டுக்கும் பலகைக்கும் நடுவே, கம்பியைத் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் கட்டைகளுக்குப் பதிலாகச் சல்லித் துண்டுகளைச் செருகியிருந்தார்கள். ஒரு தூணில் கடல் பக்கத்துக் கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டே நின்றது. கட்டுக்கம்பி முனைகள் எல்லாம் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு பலகையில் குத்தி நின்றன. அந்த ஒவ்வொரு முனையும் பிறகு உப்பு உள்ளே போக ஒரு திரி ஆகிவிடும். நான் பிரிக்கச் சொன்னேன். கொத்தனார் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“இருபத்தஞ்சு வருசமா கட்டுறேன் தங்கச்சி. ஒருத்தரும் இப்படி டேப்பு வச்சதில்ல.”

அவரிடம் வாதாடத் தோன்றவில்லை. மறுநாள் காலை ஆட்டோவில் குளச்சலுக்குக் கூட்டிப்போனேன். அத்தை டீ போட்டுக் கொடுத்தார். கொத்தனார் டீயைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். பெயர்ந்த இடத்தின் ஓரத்தில் விரலை வைத்து கவரை அளந்தார். பக்கத்தில் இன்னும் விழாமல் இருந்த இடத்தைச் சுத்தியல் காம்பால் தட்டினார். பொத்பொத்தென்று உள்ளே காற்றுச் சத்தம் கேட்டது. “இது யாரு கட்டினது?” என்று கேட்டார். அத்தை ஒரு பெயரைச் சொன்னார். அவர் தெரிந்தவர்தான் போல, பிறகு ஒன்றும் பேசவில்லை. அன்று மதியமே எங்கள் கான்கிரீட் கலவையிலேயே 50 மில்லிமீட்டரில் கவர் பிளாக் வார்த்து, தண்ணீரில் போட்டு வைத்தார். அதற்குப் பிறகு கடைசித் தளம் வரைக்கும் கட்டுக்கம்பி முனையை உள்பக்கம் மடக்கியிருக்கிறார்களா என்று அவரே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கான்கிரீட் போடச் சொல்வார். நான் டேப்பை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

ரெடிமிக்ஸ் லாரி எங்கள் தெருவுக்குள் வராது, முனையிலிருந்து பம்ப் போட்டோம். பம்பில் சுலபமாக ஓடட்டும் என்று லாரிக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் பார்ப்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். இளக்கம் வேண்டுமென்றால் அதற்கான ரசாயனம் ஆலையிலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்ததில் குளோரைடு, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அனுமதித்த லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. அதனால் நனைப்பதற்கும் தண்ணீர் லாரியில்தான் வாங்கினோம். சாக்கு விரித்து, பதினான்கு நாள். உப்புக் காற்றில் நிற்கப்போகிற கான்கிரீட்டுக்கு ஆரம்பத்திலேயே உப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால் பிறகு என்ன செய்தும் பயனில்லை. இதற்கெல்லாம் கூடுதலாக ஆன செலவு, சமையலறை அலமாரிக்கு ஒதுக்கி வைத்த தொகையைவிடக் குறைவுதான். அலமாரியை இரண்டு வருடம் கழித்துச் செய்துகொண்டோம்.

வீட்டின் அமைப்பு இப்படி: கடல் பக்கம் கனமான சுவர், சின்னச் சின்ன ஜன்னல்கள். நடுவில் முற்றம். எல்லா அறையும் முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். திண்ணை கிழக்கே, காற்று மறைவில். பத்மநாபபுரம் அரண்மனைக்கு வடிவமைப்பாளரோடு ஒரு நாள் போய்வந்தோம். தக்கலைக்குப் பக்கத்தில், எங்களுக்குத் தெரிந்த இடம்தான், ஆனால் வீடு கட்டுகிற கண்ணோடு அன்றுதான் பார்த்தேன். சாய்வான மரச்சட்ட அழிகள் (கிராதிகள்), காற்றை விட்டு வெயிலையும் சாரலையும் தடுக்கின்றன. அதே யோசனையை நேர்க்கோட்டில், அலங்காரம் இல்லாமல், அயினி மரத்தில் செய்தோம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிய வீடுகளில் வரும், இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாலிச் சுவர் மேல் எனக்கு ஆசை. கடல் பக்கம் அதை வைத்தால் மழை கிடைமட்டமாக உள்ளே வரும். ஆகவே முற்றத்துக்குக் கிழக்கே வைத்தோம், அங்கே நன்றாக வேலை செய்கிறது. ஆடியில் மேற்கு ஜன்னல்களை மூடினாலும், முற்றமும் கூரை உச்சியில் விட்ட அழியும் வெப்பத்தை வெளியே இழுத்துவிடுகின்றன.

கூரை நான்கு பக்கமும் சரிவு, முப்பது டிகிரிக்குச் சற்றுக் குறைவு. காற்றுக்குத் தட்டைக் கூரையைவிட இது நல்லது. கட்டடச் சுமைகளுக்கான தரநிலை ஐ.எஸ். 875 திருவனந்தபுரத்துக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கிலோமீட்டர். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் தென்னையும் விழுந்து கிடந்ததை நினைத்துக்கொண்டுதான் இன்ஜினியர் கணக்குப் போட்டார். இறவாரத்தை நீட்டினால் நிழல், மழை மறைவு. ஆனால் அதே இறவாரத்தைக் காற்று குடையைத் தூக்குவது போலத் தூக்கும். அதனால் வீட்டுக் கூரைக்கு இறவாரம் இரண்டடிதான். திண்ணைக்குத் தனித் தூண், தனிக் கூரை. ஒருவேளை திண்ணைக் கூரை போனாலும் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகாது.

கடல் எங்கே தெரிகிறது என்று கேட்பீர்கள். கூடத்தின் மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல், நாலடிக்கு மூன்றடி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில். பாயில் உட்கார்ந்தால் கண் நேரே அடிவானம். 18 அடிக் கண்ணாடியில் கடல் எந்நேரமும் தெரிந்திருக்கும், பழகிப் போயிருக்கும். இதில் பார்ப்பதற்கென்று உட்கார வேண்டும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

அந்த ஜன்னல் வெளிப்பக்கம் திறக்கும் கதவு. பக்கவாட்டில் நகரும் தள்ளு ஜன்னல் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். சாரல் காற்றில் அதன் கீழ்ப்பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து உள்ளே வழியும். வெளிப்பக்கம் திறப்பதை மூடிவிட்டால் காற்று அதைச் சட்டத்தோடு இன்னும் இறுக்கித்தான் அழுத்தும். அயினி எங்கள் பக்கத்தில் வள்ளம் செய்கிற மரம். ஆசாரி விசாகிரியை, அதாவது கீலை, பித்தளையில் வாங்கி வரச் சொன்னார். வாங்கினேன். திருகாணியை இரும்பில் வாங்கிவிட்டேன், இது என் தவறு. இரண்டு உலோகம் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். ஒன்றரை வருடத்தில் இரும்புத் தலைகள் பொடியாக உதிர்ந்தன, பித்தளை அப்படியே இருந்தது. இப்போது திருகாணியும் பித்தளை. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகாணி போடும் இடத்தில் நடுவில் நைலான் வாஷர்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் துரு வராது என்பதும் இங்கே செல்லாது. கடலோரத்துக்கு 316 என்ற ரகம் வேண்டும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். மாடிப்படிக் கைப்பிடிக்கு 316 விலை கொடுத்து வாங்கியது, முதல் மழைக்காலத்திலேயே டீக்கறை போலப் பழுப்புப் புள்ளி விட்டது. சோதித்துப் பார்த்தால் மாலிப்டினம் இல்லாத 304 ரகம். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. மாலிப்டினத்துக்கென்று சொட்டு மருந்துச் சோதனை இருக்கிறது, வாங்கும்போதே ஒரு துண்டில் செய்து பார்த்துவிட வேண்டும். இன்னொன்றையும் இதில் கற்றேன். மழை நேராக நனைக்கும் கம்பி சுத்தமாக இருக்கிறது. இறவாரத்துக்கு அடியில் மழை படாத கம்பிதான் கெட்டுப் போகிறது. மழை உப்பைக் கழுவிவிடுகிறது, மறைவில் உப்பு தங்கிவிடுகிறது. அதனால் மாதம் இரண்டு முறை, மறைவான இடங்களைத்தான் நல்ல தண்ணீரால் கழுவுகிறேன். ஏ.சி.யின் வெளிப் பெட்டிக்கும் அதே கவனிப்பு.

நல்ல தண்ணீருக்குக் கூரைதான் ஆதாரம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் கூரை 140 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் பெய்தால் 7000 லிட்டர். இடவப்பாதியும், வடகிழக்குப் பருவமான துலா மழையும் இரண்டும் கிடைக்கும் ஊர் இது, ஆகவே தொட்டி பெரிதாகக் கட்டினோம். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும், அது கூரையின் உப்பைக் கழுவி வருகிற தண்ணீர். கிணற்றில் மோட்டாரை வைத்து ஒரேயடியாக இறைப்பதில்லை. கடலோரத்தில் நல்ல நீர், உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் இருக்கும் என்பது கணக்கு. மேலே கொஞ்சம் குறைத்தால் கீழிருந்து உப்பு பல மடங்கு ஏறி வரும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறைக்கிறோம்.

முன்னால் சொன்ன அந்தக் கடல் பக்கத்து நிலத்தில் எதுவும் கட்டவில்லை. கீழ் ஓரத்தில் அடும்பும் ராவணன் மீசையும் தானாகவே படர்ந்திருந்தன, அவற்றைச் செதுக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்கு மேலே தாழை, அதற்கும் மேலே இரண்டு வரிசை புன்னை. புன்னை மெதுவாகத்தான் வளரும். நான்காம் வருடம்தான் ஆள் உயரம் தாண்டியது, அந்த வருடத்திலிருந்து மேற்கு ஜன்னலில் படியும் உப்பு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. வீட்டு வேலை தொடங்கும் முன்பே இதை நட்டிருக்க வேண்டும். இரண்டு வருடம் முந்தியிருப்போம்.

கள்ளக்கடல் ஏறும் நாள்களில் அந்த நிலத்தின் அருமை தெரியும். தெற்கே எங்கோ பல்லாயிரம் கிலோமீட்டரில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழந்தது அப்படி ஒரு நாளில்தான். ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்னெச்சரிக்கை தருகிறது. எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளைப் புன்னை வரிசைக்குக் கீழே விடுவதில்லை.

மற்ற நாள்களில் அப்பா சாயங்காலம் அங்கேதான் இருப்பார், ஒரு கருங்கல் பலகை போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த மே கடைசியில் ஆசாரி வருகிறார். மழைக்கு முன்னால் அழிகளுக்கெல்லாம் எண்ணெய் கொடுக்க வேண்டும், கடல் ஜன்னலின் கீழ்க் கட்டை ஓரத்தில் ஈரம் தங்குகிற இடத்தையும் ஒரு தடவை அவரிடம் காட்ட வேண்டும்.